கியர் இல்லாத வண்டியும் கூடவே வந்த டிரைவர்களும்

பழைய கார் விக்கறவனுக்கு ஊர்ல ரெண்டு பேருங்க: சாவி கை மாறுற வரைக்கும் ‘அண்ணே’, மாறின மறுநாள்லேர்ந்து ‘அந்த ஆளு’. நீங்களும் என்னிக்காவது ஒரு பழைய வண்டிய வாங்கியோ வித்தோ அவதிப்பட்டிருந்தா நீங்க நம்ம ஆளு. இந்தக் கதையெல்லாம் உங்களுக்குத் தான்.

மரக்காணத்தத் தாண்டி பாண்டி போற ரோட்டுல, உப்பளம் முடியற எடத்துல, நானும் பஷீர் பாயும் சேர்ந்து பழைய கார் கடை போட்டிருந்தோம். சுனாமி வந்த மறு வருஷம் நடந்த சங்கதி இது. பாய் கூனிமேட்டுக்காரரு, கணக்கு வழக்குல புலி. எந்த வண்டிய எடுக்கலாம், எதைத் தொடக்கூடாதுன்னு பாத்துச் சொல்றது என் வேலை. பெருமைக்குச் சொல்லல, ஒரு டார்ச்சும் ஒரு ஸ்க்ரூ டிரைவரும் குடுத்தா போதும், வண்டிக்கு அடியில படுத்து எழுந்திரிக்கறதுக்குள்ள அது எந்த ஊர்ல எப்படி வாழ்ந்துச்சின்னு சொல்லிடுவேன். உப்புக் காத்துல நின்ன வண்டின்னா ஸ்க்ரூ டிரைவர வச்சி ஒரு அழுத்து அழுத்தினா தகரம் அப்பளமா நொறுங்கும். மேல பெயின்ட்டப் பாத்து மயங்கறவன் மயங்கட்டும், நான் அடியில படுக்காம ஒரு வண்டிய எடுத்ததில்ல.

வெள்ளைக்காரர் குடுத்த வண்டி

இடையஞ்சாவடி பக்கம் ஒரு வெள்ளைக்காரரு சொந்த ஊருக்கே திரும்பிப் போறாரு, காரக் குடுக்கப் போறாருன்னு கேள்விப்பட்டு போனேன். ஜப்பான் டீசல் வண்டி, வெள்ளை கலரு. அடியில படுத்துப் பாத்தா துரு மருந்துக்குக் கூட இல்ல. மனுஷன் கூரை போட்டு, துணி போத்தி வச்சிருந்தாரு. ஒரே ஒரு விசேஷம், அதுல கிளட்ச் கிடையாது. ஆட்டோமேட்டிக். கியர் பாக்ஸ் ஆயில் குச்சிய உருவிப் பாத்தேன், செக்கச் செவேல்னு தெளிவா இருந்திச்சி, கருகின வாசனையே இல்ல. டிரைவ்ல போட்டு பிரேக்லேர்ந்து கால எடுத்தா தானா மெதுவா நகருது. ஆக்சிலேட்டர மிதிச்சா தானே கியர் மாத்திக்குது. ஒரு குலுக்கல், ஒரு முக்கல் இல்ல. லாரி கிளட்ச் மிதிச்சி மிதிச்சி மரத்துப் போன என் இடது காலு, அன்னிக்கி மாப்பிள்ளை மாதிரி சும்மா ஒக்காந்துக்கிட்டு வந்துச்சி. அந்த சந்தோஷத்துலயே பாயக் கேக்காம பேசி முடிச்சிட்டேன்.

கடைக்கு ஓட்டிக்கிட்டு வந்ததும் பாய் வண்டிய ஒரு சுத்து சுத்தி வந்தாரு. கதவத் தொறந்து, குனிஞ்சி, பெடல எண்ணினாரு. நம்பாம மறுபடியும் எண்ணினாரு. அப்புறம் நிமிந்து பந்தயம் வச்சாரு. தீபாவளிக்குள்ள நான் இந்த வண்டிய வித்துட்டா, வண்டி பாத்து எடுக்கற வேலை எப்பவும் போல என்னோடது. விக்கலைன்னா அன்னிலேர்ந்து எதை எடுக்கறதுன்னு அவரு தான் சொல்லுவாரு, நான் வண்டியத் தொடைச்சி வச்சிட்டு பேசாம இருக்கணும். எனக்கு சுருக்குன்னு இருந்திச்சி. கண்ணால பாத்து எடுக்கற அந்த ஒரு வேலைய எடுத்துட்டா, அப்புறம் நான் யாருங்க? ஆனா வாய் சும்மா இருக்குமா? “சரி பாய், வச்சிக்கலாம்”னு சொல்லிட்டேன். பாய் சிரிச்சிக்கிட்டே தோள்ல கைய போட்டு சொன்னாரு: “மியான், கிளட்ச் இல்லாத கார வாங்கறதுக்கு இந்த ரோட்டுல இன்னும் ஆளு பொறக்கல. இன்ஷா அல்லா, தீபாவளிக்கு உனக்கு நானே புதுத்துணி எடுத்துத் தர்றேன், வண்டி தொடைக்கறதுக்கு.”

ரெண்டும் ஒரே வெலையா?

மொதல்ல வந்தவரு உள்ள கிராமத்துலேர்ந்து ஒரு விவசாயி. அந்த வருஷம் மல்லாட்டை, அதாங்க வேர்க்கடலை, நல்லா வெளைஞ்சி, பையன் கல்யாணத்துக்கு முன்ன வாசல்ல ஒரு கார் நிக்கணும்னு ஆசை. நான் ஒளிவு மறைவு இல்லாம பேசறவன். பக்கத்துல ஒரு மேனுவல் வண்டிய நிறுத்தி, ரெண்டையும் காட்டி, வாத்தியார் மாதிரி பாடம் நடத்தினேன். மேனுவல்னா டீசல் கொஞ்சம் கம்மியா குடிக்கும், கிளட்ச் தேஞ்சா மரத்தடி மெக்கானிக்கே மாத்திடுவான், சாமான் திண்டிவனத்துலயே கெடைக்கும். ஆட்டோமேட்டிக்னா கால் வலிக்காது, சந்தை கும்பல்ல கூட எஞ்சின் ஆஃப் ஆவாம உருட்டிக்கிட்டே போலாம். ஆனா கியர் பாக்ஸ் கெட்டுச்சின்னா சென்னைக்குத் தான் தூக்கிக்கிட்டு போவணும்.

மனுஷன் பொறுமையா எல்லாத்தையும் கேட்டாரு. கூட வந்த டிரைவர் ஆட்டோமேட்டிக்க ஓட்டிப் பாத்துட்டு வந்து அவரு காதுல என்னமோ சொன்னான். அவரு ரெண்டு வண்டிக்கும் நடுவுல நின்னு, துண்ட ஒதறித் தோள்ல போட்டுக்கிட்டு, இந்தப் பக்கம் குனிஞ்சி பாத்தாரு, அந்தப் பக்கம் குனிஞ்சி பாத்தாரு. அப்புறம் என்னைய ஒரு பார்வை பாத்து கேட்டாரு பாருங்க: “ஏம்பா, மூணு பெடல் வெலைய ரெண்டு பெடலுக்குக் கேக்கறியே, இது ஞாயமா?”

பஸ்ஸுக்கு நின்னவங்க

எங்க ரோட்டுல ஒரு நல்ல வழக்கம் இருக்குது. வண்டி நின்னுடுச்சின்னா கேக்காமலே நாலு பேரு வந்து கை வச்சிடுவாங்க. இங்க டீசல் கார் வச்சிருக்கறவன்ல பாதி பேரு பேட்டரி மாத்தறதே இல்ல. ஊர்ல ஆளுங்க இருக்கறப்போ பேட்டரி எதுக்குன்னு இருப்பான். ஆடி மாசம் ஒரு ஐஸ் கம்பெனி ஓனர் டிரைவரோட வந்தாரு. நம்ம ஆட்டோமேட்டிக் ரொம்ப நாளா நின்னதுல பேட்டரி எறங்கிப் போச்சி. “இருங்க, பக்கத்து பட்டறைலேர்ந்து ஒரு பேட்டரி வாங்கியாறேன்”னு சொல்லிட்டு நான் சைக்கிள எடுத்தேன். திரும்பி வந்து பாத்தா கடையில வண்டியக் காணோம். எதிர்ல பஸ் ஸ்டாப்புல நின்ன கும்பலையும் காணோம்.

டிரைவர் ஒரு கொரல் குடுத்திருக்கான், அவ்ளோ தான். பஸ்ஸுக்கு நின்ன அத்தனை பேரும், மீன் கூடைய எறக்கி வச்சிட்டு வந்த ஒரு அம்மா உட்பட, வண்டியத் தள்ளோ தள்ளுன்னு தள்ளிக்கிட்டு உப்பளத்து மதகு வரைக்கும் போயிருக்காங்க. நடுவுல பஸ்ஸும் வந்து, ஸ்டாப்புல ஆளே இல்லன்னு நிக்காம போயிடுச்சி. நான் ஓடிப் போய் மூச்சு வாங்க சொன்னேன்: “ஆட்டோமேட்டிக்குங்க இது! கடலூர் வரைக்கும் தள்ளினாலும் ஸ்டார்ட் ஆவாது!” ஐஸ் கம்பெனி ஓனர் என்னைய ஒரு மாதிரி பாத்துட்டு, அவசரத்துக்குத் தள்ள முடியாத வண்டி எனக்கு வேணாம்னு சொல்லிட்டு டிரைவரோட கெளம்பிட்டாரு. அதுல ஞாயம் இருக்குது, நான் மறுக்க மாட்டேன்.

பேட்டரிய மாட்டி ஸ்டார்ட் பண்ணி, பஸ்ஸ விட்டவங்கள எல்லாம் ரெண்டு நடையா மரக்காணத்துல கொண்டு போய் விட்டேன். மீன் வாசனை வண்டிய விட்டுப் போவறதுக்கு ஒரு வாரம் ஆச்சி. அந்த மீன்கார அம்மா எறங்கறப்போ சீட்ட ஒரு தடவ தடவிப் பாத்துட்டு சொன்னாங்க: “சும்மா சொல்லக் கூடாதுப்பா, ஏறி ஒக்காந்தா நல்லா தான் இருக்குது. தள்றதுக்குத் தான் நல்லால்ல.”

கண்ண மூடிக்கிட்டு வந்த அம்மா

விஜயாம்மாவ உப்பு வேலை செய்யற எல்லாருக்கும் தெரியும். தாய் வழியில வந்த உப்பளத்த அவங்களே நின்னு பாத்துக்கறாங்க. வீட்டுக்காரருக்கு திண்டிவனத்துல பேங்க் வேலை. உப்புன்னா அவருக்கு சாம்பார்ல போடறதுன்னு மட்டும் தான் தெரியும். வீடு உள்ள கிராமத்துல, உப்பளம் கடலோரத்துல. போன வருஷம் திடீர்னு மழை புடிச்சிக்கிச்சி. டிரைவர் ஆடி அசைஞ்சி வந்து சேர்றதுக்குள்ள, தென்னங்கீத்து போட்டு மூடாத ஒரு உப்புக் குவியல் பூரா கரைஞ்சி ஓடிடுச்சி. ஒரு கோடை பூரா பட்ட பாடு அது. பழைய காரும் துரு புடிச்சி உக்காந்துடுச்சி. அதனால ஒரு நல்ல டீசல் வண்டி வேணும்னு வந்தாங்க, கூடவே அதே டிரைவர் தனபாலோட.

எங்க பக்கம் கார் வாங்கற மொறை உங்களுக்கும் தெரிஞ்சிருக்கும். காசு குடுக்கறவங்க பின் சீட்டுல ஒக்காருவாங்க, ஓட்டிப் பாக்கறது டிரைவர், தீர்ப்பு சொல்றதும் டிரைவர். தனபால் ரோட்டுல ஏறினான் பாருங்க, லாரியா, பஸ்ஸா, எருமையா, எதையும் மதிக்காம ஓவர்டேக். நான் முன் சீட்டுல கம்பியப் புடிச்சிக்கிட்டு திரும்பிப் பாத்தா, விஜயாம்மா கண்ண மூடிக்கிட்டு இருந்தாங்க. நல்ல வண்டில ஏறினா தூக்கம் வரத் தானே செய்யும்னு எனக்குப் பெருமை தாங்கல. எறங்கினதும் அந்தம்மா என்கிட்ட, “கிளட்ச் இல்லாம எப்படிப்பா ஓட்றது?”ன்னு கேட்டாங்க. கேட்ட குரல்ல ஆசை இருந்திச்சி. நான் வாயத் தொறக்கறதுக்குள்ள தனபால் முந்திக்கிட்டு முடிச்சி வச்சிட்டான்: “வேணாம்மா, இறக்கத்துல இது நிக்காது, தானா ஓடிடும்.”

டீக்கடையில கெடைச்ச பதில்

மரக்காணத்துல ஏதுங்க இறக்கம்? தண்ணிய கொட்டினா எந்தப் பக்கம் ஓடறதுன்னு தெரியாம நிக்கற ஊரு இது. ராத்திரி படுத்துக்கிட்டு யோசிச்சேன். அப்புறமா கேள்விப்பட்ட வரைக்கும், மல்லாட்டைக்காரரோட டிரைவர் கியர் பாக்ஸ்ல சத்தம்னு சொல்லியிருக்கான். ஐஸ் கம்பெனி டிரைவர் டீசல் குடிச்சே கொன்னுடும்னு சொல்லியிருக்கான். இவன் இறக்கம்ன்றான். ஒரே நோயாளிக்கு ஆளுக்கொரு வியாதி சொன்னா, கோளாறு நோயாளிகிட்ட இல்லையே! எனக்குக் கோவம் சுர்ருன்னு ஏறிடுச்சி.

விடிஞ்சதும் நேரா டீக்கடைக்குப் போனேன். தனபால் பன்ன டீயில முக்கிக்கிட்டு இருந்தான். சட்டையப் புடிக்காத குறையா கேட்டேன்: “டேய், என் வண்டி உனக்கு என்னடா பண்ணுச்சி?” அவன் பதறவே இல்ல. பன்ன முழுங்கிட்டு, எனக்கும் ஒரு டீ சொல்லிட்டு, கொஞ்சம் தள்ளி உக்காந்து எடம் விட்டான். வூட்ல ரெண்டு பசங்க படிக்கிறாங்கன்னான். வண்டி மேல ஒரு குத்தமும் இல்ல, வெண்ணெய் மாதிரி போவுதுன்னும் அவனே ஒத்துக்கிட்டான். என் கோவம் பாதி டீயிலயே எறங்கிடுச்சி. அப்புறம் அவன் என் பக்கம் சாஞ்சி சொன்னான்: “அண்ணே, மூணு பெடல் வண்டின்னா நான் இல்லாம அந்தம்மா நகர முடியாது. ரெண்டு பெடல் வண்டிய யாரு வேணா ஓட்டிடுவாங்க. அப்புறம் நான் எதுக்குண்ணே, ஹாரன் அடிக்கவா?”

கால மடக்கின பக்தி

அன்னிலேர்ந்து ரூட்ட மாத்தினேன். ஓனருக்கு முன்னாடி டிரைவரக் கவனிக்கணும். கீழ்புத்துப்பட்டு பக்கம் ஒரு ரைஸ் மில் ஓனர் வந்தாரு. அவரு டிரைவர் வயசானவரு, நெத்தி நெறைய விபூதி, இடது முட்டில ஓயாத வலி. கிளட்ச் இல்லன்னு சொன்னதும் அவரு மொகம் மலர்ந்துச்சே, அதைப் பாக்கணும் நீங்க. அவரே ஓனர்கிட்ட, “மொதலாளி, இதையே எடுங்க”ன்னாரு. பேச்சு முடிஞ்சிது. நல்ல நாள் பாத்து, பிள்ளையார் கோவில் முன்னாடி வண்டிய நிறுத்தி, மாலை போட்டு, நாலு டயருக்கும் அடியில எலுமிச்சம்பழம் வச்சாச்சி. பஷீர் பாய் தூரத்துல நின்னு தாடியத் தடவிக்கிட்டு இருந்தாரு. நான் அவரப் பாத்து மீசைய முறுக்கினேன்.

டிரைவர் சீட்டுல ஒக்காந்து, எஞ்சின் ஓட, டிரைவ்ல போட்டு, பிரேக்க மிதிச்சிக்கிட்டு ரெடியா இருந்தாரு. பூசாரி வண்டிக்கு நேர் முன்னாடி நின்னு கற்பூரத் தட்டக் காட்டினாரு. நல்ல பக்திமான் என்ன பண்ணுவாரு? சாமிக்கு நேரா எதையும் மிதிச்சிக்கிட்டு இருக்கக் கூடாதுன்னு செருப்பக் கழட்டி, ரெண்டு காலையும் தூக்கி சீட்டு மேல மடக்கி வச்சி, கண்ண மூடி, கையக் கூப்பினாரு. மேனுவல் வண்டின்னா நியூட்ரல்ல விடிய விடிய நிக்கும். இது நிக்குமா? பழம் நாலும் பச்சக் பச்சக்குன்னு நசுங்குது. பூசாரி தட்டோட பின்னாடி போவ போவ, வண்டியும் மரியாதையா அவரு பின்னாலயே போவுது. நான் ஓடிப் போய் ஜன்னல் வழியா பாதி ஒடம்ப உள்ள விட்டு ஹேண்ட் பிரேக்க இழுத்தேன். பூசாரி வேட்டில பம்பர் லேசா உரசினதோட போச்சி, புள்ளையார் காப்பாத்தினாரு.

டிரைவர் கண்ணத் தொறந்து, “தீபாராதனை ஆயிடுச்சா?”ன்னு கேட்டாரு. நான் ஓனர்கிட்ட நூறு விளக்கம் சொன்னேன், இது வண்டியோட கொறை இல்ல, கொணம்னு சொன்னேன். அவரு மாலையக் கழட்டி என் கையில குடுத்துட்டு சொன்னாரு: “சாமிகிட்டயே சொல்லிக்காம கெளம்பின வண்டி, நாளைக்கு என்கிட்ட சொல்லிக்கிட்டா கெளம்பும்?”

ஷேர் ஆட்டோல வந்தவங்க

தீபாவளிக்கு ஒரு வாரம் தான் பாக்கி. பாய் நெஜமாவே ஒரு மஞ்சள் துணிய வாங்கியாந்து, கவரப் பிரிக்காம, என் கண்ணுக்கு நேரா ஆணியில மாட்டிட்டாரு. அன்னிக்கி மத்தியானம் கடல் பக்கம் மானம் கருகருன்னு இருண்டுக்கிட்டு வந்துது. ஷேர் ஆட்டோ ஒண்ணு நின்னுது, விஜயாம்மா எறங்கினாங்க. கூட யாரும் இல்ல. தனபால் மச்சான் கல்யாணத்துக்குப் போனவன் இன்னும் திரும்பல. உப்பளத்துல ரெண்டு குவியல் தெறந்து கெடக்குது, ஆளுங்க காத்துக்கிட்டு நிக்கறாங்க, ஆனா மூடறதுக்கு வாங்கின கீத்து கட்டு மரக்காணத்துலயே எறங்கிக் கெடக்குது. டெம்போக்காரங்க எல்லாம் அவங்கவங்க உப்ப காப்பாத்த ஓடிட்டாங்க. “இருக்கற வண்டில ஏதாவது ஒண்ண எடுப்பா”ன்னாங்க. கடை கேட் பக்கத்துல நின்னது ஆட்டோமேட்டிக் தான். மரக்காணம் போய் கீத்த அள்ளி மேல போட்டு, கயித்தால இறுக்கிக் கட்டி, உப்பளத்துக்கு வண்டிய விட்டேன்.

ரோட்ட விட்டு உப்பளத்து மண் பாதையில திரும்பினதும் அந்தம்மா, “நிறுத்து, நான் ஓட்டறேன்”ன்னாங்க. எனக்குத் தூக்கிவாரிப் போட்டுச்சி. “லைசென்ஸ் இருக்குதாம்மா?” “அது இருக்குது ரொம்ப நாளா. ஓட்டத் தான் வராது. கிளட்ச விட்டா ஆஃப் ஆவுது, விடலைன்னா போவ மாட்டேங்குது.” மழை வர்ற நேரத்துல இது என்ன வெளையாட்டுன்னு நான் இழுத்தேன். அவங்க நேரா கேட்டாங்க: “இன்னிக்கி நீ வந்துட்ட. அடுத்த மழைக்கு யாருப்பா வருவா?” எறங்கி எடம் மாறி ஒக்காந்தேன். மொதல் மிதியே கிளட்ச்சுன்னு நெனைச்சி இடது கால பிரேக்ல ஓங்கி வச்சாங்க. மேல இருந்த கீத்து ஒண்ணு சரிஞ்சி கண்ணாடிய மறைச்சிக்கிச்சி. “அம்மா, அந்தக் காலே நமக்கு வேணாம், மடக்கி மேல வச்சிக்கங்க”ன்னேன். அரிவாள்மனைக்கு முன்னாடி ஒக்கார்ற மாதிரி இடது கால மடிச்சி சீட்டு மேல வச்சிக்கிட்டாங்க. பழகற வரைக்கும் தான் அப்படி, நீங்க யாரும் செஞ்சி பாக்காதீங்க.

வண்டி கெளம்பிடுச்சி. ரெண்டு பக்கமும் பாத்தி, நடுவுல ஒத்தையடி மாதிரி பாதை, ஒரு முழம் தப்பினா உப்புத் தண்ணி. இந்தத் தடவ அந்தம்மா கண்ண மூடல, கொட்டக் கூட இல்ல. மாட்டு வண்டி வேகத்துல போனோம், ஆனா நிக்காம போனோம். அங்க நின்ன பொம்பளைங்க, ஓட்டிக்கிட்டு வர்றது யாருன்னு தெரிஞ்சதும் ஓன்னு கூவினாங்க. கீத்த எறக்கி, ஓடி ஓடி ரெண்டு குவியலையும் மூடி முடிக்கறதுக்கும் மழை கொட்டறதுக்கும் சரியா இருந்திச்சி. ஒரு கல்லு உப்பு கரையல. விஜயாம்மா நனைஞ்சி போய் நின்னாங்க, சாவி அவங்க கைக்குள்ள. திருப்பிக் குடுக்கவே இல்ல. எனக்கு சந்தோஷம் தாங்கல, ஆனா தொழில் புத்தி விடுமா? மைலேஜு, பேட்டரி, சென்னை மெக்கானிக்குன்னு நல்லது கெட்டது எல்லாத்தையும் மழையிலயே ஒப்பிக்க ஆரம்பிச்சேன். அவங்க கைய காட்டி நிறுத்தினாங்க: “அதெல்லாம் எனக்குத் தெரியாதுப்பா. நான் வான்னா வருது, நில்லுன்னா நிக்குது. எழுதி முடிச்சிடு.”

பஷீர் பாயோட புதுத்துணி

மறுநாள் அதே பிள்ளையார் கோவில்ல பூஜை. பூசாரி வண்டியப் பாத்ததும் ரெண்டு அடி தள்ளி பக்கவாட்டுல தான் நின்னாரு. நான் பார்க்ல போட்டு, ஹேண்ட் பிரேக்க இழுத்து, முன் டயருக்கு ஒரு கல்ல வேற வச்சிட்டு, அப்புறம் தான் கற்பூரத்த ஏத்தச் சொன்னேன். எல்லாம் ஆனதும் கல்ல எடுத்தோம், விஜயாம்மா பிரேக்க விட்டாங்க, பழம் நாலும் சொன்ன நேரத்துக்கு நசுங்கிச்சி.

பாய் பேச்சு மாறாத மனுஷன். வண்டி கடைக்குத் திரும்பினதும் உள்ள போய் ஆணியிலேர்ந்து அந்த மஞ்சள் துணிய எடுத்து, கவரப் பிரிச்சி, யாரும் கேக்காமலே வண்டியோட முன் கண்ணாடிய அவரே தொடைச்சிக் குடுத்தாரு. அதைப் பாத்ததும் எனக்கு மீசைய முறுக்கக் கூட தோணல. ஆறு மாசமா என் தலை மேல நின்ன வண்டி கேட்டத் தாண்டி போவுது, நான் நானாவே இருக்கேன், அது போதும்னு இருந்திச்சி. துணிய மடிச்சி என் கையில குடுத்துட்டு பாய் சொன்னாரு: “எடுக்கற வேலை உன்னோடது தான் மியான், பேச்சுன்னா பேச்சு. ஆனா இனிமேலாவது எடுக்கறதுக்கு முன்னாடி பெடல எண்ணிப் பாரு.”

பின் சீட்டுல தனபால்

தீபாவளி கழிஞ்சி ஒரு நாள் தனபால் கடைக்கு வந்தான். சண்டைக்குத் தான் வர்றான்னு நானும் சட்டைக் கைய மடிச்சி விட்டுக்கிட்டேன். என் வண்டியால ஒருத்தன் வேலை போச்சேன்னு மனசுக்குள்ள ஒரு உறுத்தலும் இருந்திச்சி. அப்படி ஒண்ணும் ஆவல. விஜயாம்மா அவன உப்பு ஏத்தற டெம்போவுக்கு மாத்திட்டாங்களாம். “மூணு பெடலு, அஞ்சு கியரு, உனக்குப் புடிச்ச மாதிரி வச்சி ஓட்டிக்க”ன்னு சொல்லி சாவியக் குடுத்தாங்களாம். ஆளுக்கு வாயெல்லாம் பல்லு. ஆனா அவன் சொல்ல வந்த சங்கதி வேற.

முந்தின நாள் சாயங்காலம் மழையில பஸ்ஸுக்கு நின்னிருக்கான். வெள்ளை வண்டி வந்து நின்னிருக்குது. முன் சீட்டுல கீத்து கட்டு, அதனால பின்னாடி ஏறுன்னாங்களாம். இத்தனை வருஷத்துல அவன் அந்தம்மா வண்டில பின் சீட்டுல ஒக்காந்ததே இல்ல. விஜயாம்மாவுக்கு இப்போ பயம் சுத்தமா போச்சி. கார் ஓட்டறதுன்னா எப்படின்னு அவங்களுக்குத் தெரிஞ்சது தனபால் ஓட்டின ஓட்டம் ஒண்ணு தான். லாரியா, பஸ்ஸா, எருமையா, எல்லாத்தையும் அதே மாதிரி ஓவர்டேக். தனபால் டீய கையில வச்சிக்கிட்டு குடிக்காம எங்கயோ பாத்துக்கிட்டு சொன்னான்: “அண்ணே, நான் ஓட்றப்போ அந்தம்மா பின்னாடி கண்ண மூடிக்கிட்டு தூங்கறாங்கன்னு தான் இத்தனை நாளா நெனைச்சிக்கிட்டு இருந்தேன். நேத்து தாண்ணே தெரிஞ்சிது, சாமி கும்பிட்டுக்கிட்டு வந்திருக்காங்க.”

அதனால கூட்டாளிங்களே, கியர் வச்ச டீசல் வண்டியா, கியர் மாத்தாத டீசல் வண்டியான்னு என்கிட்ட யோசனை கேட்டு வர்றதா இருந்தா மைலேஜ் கணக்க எல்லாம் வூட்லயே வச்சிட்டு வாங்க, சாவி யாரு கையில இருக்கப் போவுது, கண்ண மூடிக்கிட்டு யாரு வரப் போறாங்கன்னு மட்டும் சொல்லுங்க, வண்டிய நான் எடுத்துத் தர்றேன்.